எம்ஜிபி ரோட்ஸ்டரும் மாஸ்டா சிஎக்ஸ்-5உம்: ஸ்பேனரா, ஸ்கேனரா?

எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இது போட்டியே இல்லை. 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி, மேற்கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதில் 1798 சிசி எஞ்சின். ஆரம்ப மாடல்களில் 95 குதிரைத்திறன். மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட 11 விநாடிக்கு மேல் ஆகும். சிஎக்ஸ்-5 இன்றைய காலத்து குடும்ப எஸ்யூவி. அதன் இரண்டாம் தலைமுறையின் டர்போ இல்லாத 2.5 லிட்டர் எஞ்சின் ஏறக்குறைய 187 குதிரைத்திறன் தரும். அந்த வேகத்தை அது அலுங்காமல் முன்னதாகவே தொட்டுவிடும்.

ஆனால் ஆரம்ப எம்ஜிபியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, மாஸ்டாவுக்கோ ஒன்றரை டன்னுக்கு மேல். பவர் ஸ்டீயரிங் இல்லாததால் நிறுத்தும்போது தோள் வலிக்கும். வண்டி நகர்ந்துவிட்டால் முன்சக்கரம் எதன் மேல் ஏறுகிறது என்பது உள்ளங்கைக்கே தெரியும். சிஎக்ஸ்-5 இந்த வகை வண்டிகளில் ஓட்டுவதற்கு நல்லதுதான். இருந்தாலும் அந்த உணர்வு அதில் பாதிகூட வராது.

பழைய வண்டியின் வேலை முழுக்கக் கையால் ஆகிற வேலை. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களின் டேஷ்பாட்டிலும், அதாவது உள்ளிருக்கும் பிஸ்டனை நிதானமாக ஏறவைக்கும் சிறு எண்ணெய்க் குழாயிலும், 20 கிரேடு எண்ணெய் இருக்க வேண்டும். வற்றினால் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் அந்தப் பிஸ்டன் சட்டென்று மேலேறி, கலவை மெலிந்து, எஞ்சின் திக்கும். பலர் இதைப் பெட்ரோல் அடைப்பு என்று நினைத்து டேங்க்கைக் கழற்றுவார்கள், பாவம். ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் மின்தொடர்பான டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மிமீ. அதன் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கி, டைமிங் பின்தங்கி, பிக்கப் குறையும். சரிசெய்ய, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் ஸ்க்ரூடிரைவரும் போதும். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு ஏறக்குறைய 5000 கிமீக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிவிட்டு அடித்தால்தான் கிரீஸ் எல்லாப் பக்கமும் போகும். பின்னால் இருக்கும் மின்சார பெட்ரோல் பம்ப்பின் 'டிக் டிக்' நின்றால் அதற்குள்ளிருக்கும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். லேசாக ஒரு தட்டு தட்டினால் வீடு வரை வரும்.

சிஎக்ஸ்-5 இப்படியெல்லாம் தொல்லை தராது. எண்ணெய், ஃபில்டர், டயர் என்று ஆண்டுகள் ஓடிவிடும். வேலை வரும்போதுதான் தெரியும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் என்பதால், பின் பேடு மாற்றுமுன் அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படிச் செய்யாமல் காலிப்பர் பிஸ்டனை அமுக்கித் தள்ளினால் அதிலுள்ள மோட்டார் பழுதாகலாம். சாலைக் கோடுகளைக் கவனிக்கும் லேன் கேமரா உள்ள மாடலில் முன் கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவுக்குக் கொண்டுவர ஸ்கேனர் தேவை. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வைக் கழுவ எதுவும் இல்லை. நாளடைவில் கரி படியலாம்.

பிரேக்கில் மட்டும் சமரசம் கிடையாது. பல எம்ஜிபிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் எண்ணெய் சர்க்யூட்தான்; ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொடும். ஏபிஎஸ் இல்லை, ஏர்பேக் இல்லை. மழை இரவில் நெடுந்தூரம், குழந்தைகளோடு என்றால் யோசிக்கவே வேண்டாம், சிஎக்ஸ்-5தான்.

ஒரே ஒரு வண்டிதான் நிறுத்த இடம் உண்டு என்றாலும் அதுவே. இரண்டாவதாக ஒன்றுக்கு இடம் இருந்தால், 1964 இறுதிக்குப் பின் வந்த, கிராங்க்ஷாஃப்டை ஐந்து பேரிங் தாங்கும் எஞ்சினும், நெடுஞ்சாலையில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவும் உள்ள எம்ஜிபியாகப் பாருங்கள். எஞ்சினை விடுங்கள், அது சரிசெய்யக் கூடியது. இதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கதவுக்கடியில் ஓடும் சில்தான் முதுகெலும்பு. உள்ளே அழுகியதை மறைக்க மேலே புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருப்பார்கள். வண்டியை ஒரு பக்கம் ஜாக்கியில் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவின் இடைவெளி மேலே நெருங்கினாலோ கதவு உரசினாலோ, பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.