ஓஜி டேக்: கையால் எழுதுவதா, பிளகினிடம் விடுவதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கோயிலின் இணையத்தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தோட்டத்தில் இப்போது மிஞ்சியிருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று போய்விட்டார்கள். திருவிழாச் செய்தி அவர்களைச் சேர்வது வாட்சப்பில். லிங்க் போட்டதும் விரியும் பெட்டியில் அம்மன் படமும் தேதியும் தெரிந்தால்தான் தட்டிப் பார்ப்பார்கள்.

அந்தப் பெட்டியில் என்ன வர வேண்டும் என்று சொல்பவை ஓப்பன் கிராஃப் (சுருக்கமாக ஓஜி) டேக்குகள், அதாவது பக்கத்தின் நிரலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் குறிப்பு வரிகள். 2010இல் ஃபேஸ்புக் கொண்டுவந்தது. வாட்சப், டெலிகிராம் எல்லாம் இதையே படிக்கின்றன. டைட்டில் (தலைப்பு), டைப் (பக்க வகை), இமேஜ் (படம்), யுஆர்எல் (பக்க முகவரி) நான்கும் கட்டாயம். டுவிட்டர் (இப்போது எக்ஸ்) 2012இல் தனக்கென்று கார்டு டேக்குகள் கொண்டுவந்தது. எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போவதே குறைவு. போனாலும், கார்டு வகையைச் சொல்லும் ஒரு வரி இருந்தால் மீதியை அது ஓஜி டேக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

சரி, இந்த டேக்குகளை நாமே பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலில் எழுதுவதா, தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் சேர்க்கும் துணை நிரலான பிளகினிடம் விடுவதா? இரண்டையும் நடத்திப் பார்த்துவிட்டேன். இப்போது நான் பிளகின் கட்சி.

கையால் எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் நம் பிடியில் இருக்கும். ஹோஸ்டிங் செலவும் குறைவு, அப்டேட் தொல்லையும் இல்லை.

ஆனால் கோயில் தளம் என்பது வருடா வருடம் ஆள் மாறும் இடம். புதுச் செயலாளர் வருவார், போன வருடத் தீமிதிப் பக்கத்தை நகல் எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுவார். உள்ளே இருக்கும் யுஆர்எல் டேக் அவர் கண்ணில் படாது. ஃபேஸ்புக்கோ அந்த டேக்கில் உள்ள முகவரியைத்தான் உண்மையான பக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. பகிர்வது புதுப் பக்கம், பெட்டியில் வருவது போன வருடத் திருவிழா! பிளகினில் இந்த ஆபத்து இல்லை. முகவரியை அதுவே நிரப்பிக்கொள்ளும். முகப்புப் படம் என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதுவே இமேஜ் டேக்காகப் போய்விடும். வாட்சப்பில் படம் அனுப்பத் தெரிந்த எவரும் இதைச் செய்துவிடலாம். எனக்கு இந்த ஒன்று போதும்.

பிளகினை அப்படியே நம்பிவிடவும் கூடாது. விளக்கம் எழுதாமல் விட்டால் அது கட்டுரையின் முதல் வரிகளைப் பிடித்துப் போட்டுவிடும். நம் அறிவிப்புகள் எப்படித் தொடங்கும்? 'நிகழும் மங்களகரமான' என்றுதானே. வருடப் பெயர், அயனம், திதி, நட்சத்திரம் என்று போய், தேதி வருவதற்குள் பெட்டியில் இடம் முடிந்துவிடும். அதனால் விளக்கக் கட்டத்தில் 'சனிக்கிழமை மாலை 5 மணி, தீமிதி' என்று முதலிலேயே போடச் சொல்லியிருக்கிறேன். தலைப்பும் அப்படித்தான், 'அருள்மிகு' என்று ஆரம்பித்தால் திருவிழாவின் பெயர் அறுந்துபோகும்.

படத்தில் இரண்டு முறைக்கும் ஒரே பாடு. ஃபேஸ்புக் பரிந்துரைப்பது 1200க்கு 630 பிக்சல், அதாவது அகலப் படம். நம் போஸ்டர்களோ உயரவாக்கில் இருப்பவை. மேலே அம்மன், நடுவில் உபயதாரர். பெட்டிக்கு வெட்டும்போது யார் மிஞ்சுவார் என்று சொல்லவே வேண்டாம். போஸ்டரை மாற்றினால் கோப்பின் பெயரையும் மாற்றுங்கள், இல்லையென்றால் பழைய படமே வரலாம். ஃபேஸ்புக்கில் பழைய படம் ஒட்டிக்கொண்டால் அவர்களுடைய ஷேரிங் டீபக்கர் என்ற கருவியில் பக்கத்தை மறுபடி படிக்க வைக்கலாம். வாட்சப்புக்கு அப்படி ஒரு கருவி கிடையாது.

கேட்டரிங், வேன் வாடகை என்று ஒரே பக்கத்தோடு நிற்கும் தளமென்றால் வேர்ட்பிரஸ்ஸே வேண்டாம். டேக்குகளை ஒருமுறை கையால் எழுதி விட்டுவிடலாம். நூற்றுக்கணக்கில் பொருள் விற்கும் தளம் எதையும் நான் நடத்தியதில்லை. அதற்கு என் கணக்கு பொருந்துமா என்பதை நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.