சரிவு நிலத்து வடிகாலுக்குக் கல்: பூசிக் கட்டுவதா, பரப்புவதா, வலைப்பெட்டியா?

குமரி மாவட்டத்தின் குலசேகரம், திருவட்டார், அருமனை வட்டாரங்களில் சரிவான விளையிலோ (தோட்டநிலம்) மேட்டுப் புரயிடத்திலோ (வீட்டைச் சுற்றிய மனை) வாழ்பவர்களுக்கு மண்ணரிப்பு ஆண்டுக்கு இருமுறை வரும் கவலை. தென்மேற்குப் பருவமழை அறுத்த வடிகாலையே வடகிழக்குப் பருவமழையும் வந்து அறுக்கிறது. அதைக் கல்லால் காக்க மூன்று வழிகள் உள்ளன: சிமெண்ட் பூசிக் கட்டுவது, காரையின்றிக் கருங்கல் பரப்புவது, கம்பிவலைப் பெட்டியில் கல் அடுக்குவது.

பெரும்பாலோர் முதலில் கேட்பது சிமெண்ட் பூச்சைத்தான். நீர் ஊறக்கூடாத வீட்டு அஸ்திவாரத்தின் ஓரத்தில் அதுவே பொருத்தமானது. ஆனால் நீண்ட சரிவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வழுவழுப்பான தளத்தில் நீரின் வேகம் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் அந்நீர் உருட்டக்கூடிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகும் என்பது நீரியலின் பழைய கணக்கு. இதனால் பூச்சு முடியும் இடத்தில் குழி விழுந்து, அது பின்னோக்கி ஏறித் தளத்தின் அடிமண்ணைத் தின்றுவிட, தாங்க மண் இல்லாத தளம் ஒரு பெருமழையில் உடைகிறது. பக்கச் சுவரில் நீர் கசிய ஓட்டை விடாவிட்டால், பின்னால் ஊறிய மண்ணின் அழுத்தம் சுவரையும் தள்ளிவிடும்.

பரப்பிய கல் கரடுமுரடானது. நீரை மட்டுப்படுத்துகிறது, மண் சற்றுத் தாழ்ந்தால் தானும் தாழ்ந்து இடத்தை நிரப்புகிறது. ஆற்று உருட்டுக்கல் இதற்கு உதவாது. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் முனையுள்ள உடைகல்லே வேண்டும். சுவருக்கு நல்ல செந்நிற வெட்டுக்கல்லும் பாயும் நீரில் கரைந்து தேயும். சிறிதும் பெரிதுமாகக் கலந்து, நடுத்தரக் கல்லின் அளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனத்துக்குப் பரப்ப வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம் அடிப்படுகை. மணலும் ஜல்லியும் படிப்படியாக இட்ட அடுக்கோ, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிதுணியோ இல்லையெனில், கற்களின் இடுக்கு வழியே மண் வெளியேறி, மேலே அசையாமல் தெரியும் கற்கள் மழைக்கு மழை புதைந்துகொண்டே போகும். கூலி மிச்சம் என்று இதைத் தவிர்ப்பதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது; மலையை உடைத்து வந்த கல் அங்கே வீணாகிறது. இடித்த பழைய வீட்டின் அஸ்திவாரக் கல் கிடைத்தால் முதலில் அதையே பயன்படுத்துங்கள்.

வலைப்பெட்டி செலவு மிகுந்தது. ஓடைக்கரை செங்குத்தாகச் சரியும் இடத்துக்கும் பெரிய கல் கிடைக்காத இடத்துக்கும் அது தகும். வலைக்கண்ணைவிடக் கல் பெரிதாக இருந்தால் போதும். குளச்சல், முட்டம் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று கம்பியை அரிக்கும் என்பதால், துத்தநாகப் பூச்சின்மேல் பிளாஸ்டிக் உறையும் உள்ள கம்பியையே வாங்க வேண்டும்.

எனவே வீட்டோரத்தில் மட்டும் பூச்சும், அதற்குக் கீழே சரிவு முழுவதும் பரப்பிய கல்லும் என்பதே என் தேர்வு. பூச்சு முடிந்து கல் தொடங்கும் இடத்தில் பெரிய கற்களை ஆழமாகப் பதித்து, வடிகாலையும் அங்கே அகலப்படுத்திவிட வேண்டும்.