பானிஷ்ட்: ஏழு வருடம் ஆடிய பிறகு

கீழக்கரையில் பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போதே வீட்டுப் பேச்சும் சேர்ந்து வரும். வாப்பா கட்டிக் கொடுக்கும் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து சேர்வது எங்கள் ஊர் வழக்கம். வீட்டு வேலை முடியாததால் தள்ளிப்போன கல்யாணங்களைப் பார்த்திருக்கிறேன். பானிஷ்ட் என்ற ஊர் கட்டும் கணினி விளையாட்டில் மக்கள்தொகை ஏறுவதும் இறங்குவதும் இந்தக் கணக்கில்தான். காலி வீடு இருந்தால்தான் ஒரு ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து குடிபோவார்கள், பிள்ளை பெறுவார்கள். இல்லாவிட்டால் தாய் தகப்பன் வீட்டிலேயே இருந்து வயதாகிவிடும்.

2014 பிப்ரவரியில் வந்த விளையாட்டு இது. லூக் ஹோடரோவிச் என்ற ஒரே ஆள் உருவாக்கியது. போர் இல்லை, எதிரி இல்லை, பணம்கூட இல்லை. ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சில குடும்பங்கள், ஒரு ஆறு, காடு, வரப்போகும் குளிர்காலம், அவ்வளவுதான். என் பழைய லேப்டாப்பிலேயே நன்றாக ஓடுகிறது.

ஒரு நோன்பு மாதம் முழுக்க, தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து வந்து விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாடு வரை ஒரே ஊரை வளர்த்தேன். விளையாட்டின் 25-ஆம் ஆண்டில் சாப்பாடு மிஞ்சிக் கிடந்தது. ஒரே மூச்சில் 20 வீடு கட்டினேன். ஊரே பிள்ளைகளால் நிறைந்தது. அங்கே ஒருவருக்கு வருடத்துக்கு 100 உணவு வேண்டும். ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு 500. 20 வீட்டுக்கு 10,000. பிள்ளைகளோ பத்து வயது வரை வேலைக்கு வரமாட்டார்கள், பள்ளிக்கூடம் இருந்தால் இன்னும் தாமதம். ஆனால் சாப்பாடு பெரியவர்களுக்குச் சமம். விளையாட்டில் ஒரு வருடம் ஓடினால் ஆட்களுக்கு ஏறக்குறைய ஐந்து வயது ஏறிவிடும் என்பதால் இரண்டு வருடப் பஞ்சத்தைப் பல்லைக் கடித்துக் கடந்தேன். பயந்துபோய் அப்புறம் வீடே கட்டவில்லை. அதுதான் பெரிய தப்பு.

35-ஆம் ஆண்டு ஏதோ யோசனையில் ஒரு வீட்டைக் கிளிக் செய்தேன். தகப்பனுக்கு 71, தாய்க்கு 68. கூடவே மகனுக்கு 46, மகள்களுக்கு 44, 43. பக்கத்து வீட்டிலும் இதே கதை. அந்த 20 வீடும் ஒன்றாகப் பிள்ளை பெற்று ஒன்றாகக் கிழடாகி நின்றன. பெரியவர்கள் போய் வீடு காலியாகும் நேரத்தில் இவர்களுக்கு ஐம்பதை நெருங்கிவிடும். பிள்ளை பெறும் வயது போயிருக்கும். அடுத்த ஆறேழு வருடத்தில் அலை அலையாக இறந்தார்கள். கொல்லன் இறந்தான், அந்த இடத்துக்குப் போட ஒரு கூலியாள் இல்லை. கருவி தீர்ந்தது, விளைச்சல் விழுந்தது. களஞ்சியம் நிறைந்திருந்த காலத்தில் விதைத்த அழிவு அது. அன்று சஹர் சாப்பிட மனமே வரவில்லை.

அதிலிருந்து திரையில் தெரியும் மொத்த ஆள் எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. வயதைத்தான் பார்க்கிறேன். அந்த வருட விளைச்சலில் எல்லோருடைய சாப்பாடும் போக 500 மிஞ்சினால் ஒரு வீடு, 1,000 மிஞ்சினால் இரண்டு. எவ்வளவு மிஞ்சினாலும் மூன்றுக்கு மேல் இல்லை. ஆனால் ஒரு வருடமும் கட்டாமல் விடுவதும் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீடு நிறைந்திருக்கிறது என்று கணக்கு காட்டும். உள்ளே ஒரு கிழவி மட்டும் இருப்பாள். ஆண்கள் பிழைப்புக்காக வெளிநாட்டுக்குச் சபர் போய்விட்ட எங்கள் தெருக்களில், நாலு அறை வீட்டில் உம்மம்மா மட்டும் கதவைத் திறப்பதுபோல. அந்த வீட்டில் தொட்டில் ஆடாது. இப்படிப்பட்ட வீடுகளை எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு ஈடாகப் புது வீடு கட்ட வேண்டும். நகர்மன்றம் கட்டினால் நாடோடிகள் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டு வருவார்கள். கிழடாகிப்போன ஊருக்கு அவர்கள் உயிர் கொடுப்பார்கள், ஆனால் படிப்பு இருக்காது, சில சமயம் நோயும் கூடவே வரும். நான் களஞ்சியத்தைப் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்வேன்.

ரிம்வேர்ல்ட் என்ற இன்னொரு விளையாட்டையும் ஒரு வருடம் ஆடினேன். அதில் சொத்தும் ஆளும் கூடக் கூட, தாக்க வரும் கூட்டமும் பெருகும். ஆள் கூடினால் புதிதாகச் சேர வருபவர்கள் குறைவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் சேர்த்ததற்கெல்லாம் யாரோ வரி கேட்டு வருவதுபோல இருந்தது, மனம் ஒட்டவில்லை.

பானிஷ்டில் எனக்குள்ள குறை, வயதுக் கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டால் கஷ்டம் முழுக்க முதல் பத்து இருபது வருடத்தில் தீர்ந்துவிடுவது. முந்நூறு பேரைத் தாண்டி வயதும் சீராகிவிட்டால் ஊர் தானாக ஓடும், செய்யப் புதிதாக எதுவும் இல்லை. கலோனியல் சார்ட்டர் என்ற மாட் (ரசிகர்கள் செய்த கூடுதல் தொகுப்பு) போட்டால் கொஞ்ச நாள் தாங்கும். கடினத் தொடக்கம், அதாவது நான்கு குடும்பம், வீடும் விதையும் கிடையாது. அதோடு கடுங்குளிர், சின்ன வரைபடம் என்று வைத்துக்கொண்டால் இன்றைக்கும் எனக்கு இரவுத் தூக்கம் போகிறது.

பெருநாளைக்கு வந்த மாமி மகன் இதைப் பார்த்துவிட்டு ஆடத் தொடங்கியிருக்கிறான். போன வாரம் போனில், "காக்கா, அறுபது பேர் ஆயிட்டாங்க, ஒரு வீடுகூட காலி இல்ல, நல்லதுதானே?" என்றான். பன்னிரண்டு வீட்டையும் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து வயதை வாசிக்கச் சொன்னேன். ஏழு வீட்டில் கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கு முப்பது தாண்டியிருந்தது. இந்த வருடம் இரண்டு வீடு, அடுத்த வருடம் இரண்டு, நடுவில் ஒரு மீன்பிடித் துறை என்று சொல்லியிருக்கிறேன்.