ஹெச்டி 600-ஆ, ஹெச்டி 560எஸ்-ஆ?

சென்ஹைசர் கம்பெனியின் ஹெச்டி 600 ஹெட்போன் வந்தது 1997-இல். ஹெச்டி 560எஸ் வந்தது 2020-இல். கம்பெனியின் ஹெட்போன் பிரிவே 2022-இல் சுவிட்சர்லாந்தின் காது கேட்கும் கருவிக் கம்பெனியான சொனோவா கைக்குப் போய்விட்டது. ஆனாலும் பழைய 600 இன்னும் விற்பனையில் இருக்கிறது. இரண்டும் வயர் வைத்தவை, இரண்டும் முதுகு திறந்தவை. அதாவது பக்கத்தில் இருப்பவருக்கும் உங்கள் பாட்டு கேட்கும். பஸ்ஸுக்கு எடுத்துப் போகிற சாமான் இல்லை.

முதலில் குரல். இதில் 600-ஐ விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பாடகர் மூச்சு இழுப்பது, கமகத்தில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்குவது, வயலின் வில் தந்தியைத் தொடும் அந்தச் சொரசொரப்பு எல்லாம் இயல்பாக வரும். 560எஸ்-இலும் இவை கேட்கும், ஆனால் மேல்சுரங்கள் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். ஜால்ராவும் 'ஸ்', 'ச' ஒலிகளும் சில பதிவுகளில் காதைச் சுரண்டுகின்றன.

பாஸ் என்று வந்தால் கதை மாறுகிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கக் கும்கி வரைக்கும் 600-இல் பெரிய குறை இல்லை. சிந்தசைசர் பாஸ் 40 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும்போதுதான் அது நழுவி மெலிந்துவிடும். 560எஸ் அங்கேயும் கூடவே இறங்கும். டிரைவரை, அதாவது உள்ளே ஒலி எழுப்பும் பாகத்தை, சாய்த்து வைத்திருப்பதால் ஒலி சற்று முன்னால் விரிகிற மாதிரி இருக்கும். 600-இல் எல்லாம் காதருகிலேயே நிற்கும். சினிமாப் பாட்டு, கேம் இரண்டுக்கும் புதியதே மேல்.

அப்புறம் ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் கருவிக்கான செலவு. 600-இன் மின்தடை 300 ஓம், 560எஸ்-இனுடையது 120. அதனால் 600-க்குக் கூடுதல் உந்துதல் வேண்டும். போனில் செருகும் சின்ன டாங்கிள் (ஹெட்போன் அடாப்டர்) வழியாகக் கேட்டால் 600 பாடத்தான் செய்யும், ஆனால் தாழ்வான ஒலியில் பதிவான கச்சேரிக்கு வால்யூம் போதாது. 560எஸ் அந்த டாங்கிளோடு சமாளித்துக்கொள்ளும். அது அறிமுகமானபோது விலை சுமார் 200 டாலர். 600-இன் பட்டியல் விலை ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு, ஆம்ப் தனி.

கட்டுமானத்தில் இரண்டுமே பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். எடை 260 கிராமும் 240 கிராமும். வித்தியாசம் தலைக்குத் தெரியாது. 600-ஐத் தனியாக நிறுத்துவது, அதைக் கையாலேயே பிரித்துப் போட முடியும் என்பது. காது மெத்தை, தலை மெத்தை, கேபிள், வெளியே இருக்கும் உலோக வலை, டிரைவர் எல்லாம் கழன்று வரும். 2003-இல் வந்த ஹெச்டி 650-இன் டிரைவர்கூட இதில் பொருந்தும். கேபிள் இரண்டு காதுக்கும் தனித்தனியாக வருவதால் ஒரு பக்கம் கரகரத்தால் கேபிளை மட்டும் மாற்றினால் முடிந்தது. 560எஸ்-இல் கேபிளும் காது மெத்தையும் கழலும், அதற்கு மேல் பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை.

கையில் ஆம்ப் இல்லை, எல்லா வகைப் பாட்டும் கேட்பேன் என்பவர் 560எஸ் வாங்கலாம். பாதி நேரம் கச்சேரிதான் என்றால் காசு சேர்த்து 600-க்கே போங்கள். புதிதில் அது கன்னத்தைக் கவ்விப் பிடிக்கும். சில இரவு நாலைந்து புத்தகங்களை அடுக்கி அதன்மேல் மாட்டி வைத்தால் இறுக்கம் தளரும்.