டோர் டெலிவரி என்றால் வரியும் சேர்த்து என்று நினைத்து ஏமாந்தேன்

வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பும் குமரி மாவட்டத்துக்காரர்கள் கொஞ்சம் கவனியுங்கள். இங்கிலாந்தில் இருக்கும் தங்கச்சிக்குப் பிறந்தநாள். ஒரு சேலை, நேந்திரங்காய் சிப்ஸ், அச்சப்பம், முந்திரிக்கொத்து எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய்க்கு வாங்கி, மார்த்தாண்டத்தில் ஒரு கூரியர் ஏஜென்டிடம் கொடுத்தேன். அம்மா நெய்யும் வைக்கச் சொன்னாள். நல்லவேளை வைக்கவில்லை, இங்கிருந்து பால் பொருள் அனுப்ப அங்கே தடை.

தராசில் 7 கிலோ. பில்லில் 12 கிலோ! கேட்டால் “வால்யூம் வெயிட் அண்ணே” என்றார். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்களாம். 50, 40, 30 என்றால் 12 வரும். கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பெரிய பெட்டியை எடுத்ததே அவர்தான். பாதிக்கு மேல் பழைய பேப்பர். கிலோவுக்கு 650 வீதம் 7,800 கொடுத்தேன்.

“டோர் டெலிவரிதானே, அங்கே ஏதாவது கட்டணுமா?” என்று கேட்டேன். “ஒண்ணும் பயப்படாண்டாம்” என்று இன்வாய்ஸை நீட்டினார். முழுக்க இங்கிலீஷ். படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு.

இரண்டு வாரம் கழித்துத் தங்கச்சி கூப்பிட்டாள். வாட் வரி, கையாளும் கட்டணம் என்று 38 பவுண்டு கட்டித்தான் பார்சலை வாங்கினாளாம். இன்வாய்ஸை போட்டோ எடுத்து அனுப்பினாள். ‘கிஃப்ட்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘சேல்’. மதிப்பு 9,000 ரூபாய். பொருள் விவரம் வெறும் ‘ஃபுட் ஐட்டம்ஸ், கார்மென்ட்’. கீழே மூலையில் ‘டிடியூ’. அதற்கு, வரி பார்சலைப் பெறுகிறவர் தலையில் என்று அர்த்தம். அனுப்புகிறவரே கட்டுவதென்றால் ‘டிடிபி’ என்று இருக்கணும். டோர் டெலிவரிக்கும் வரிக்கும் சம்பந்தமே இல்லை.

ஆள் ஆளுக்கு அனுப்பும் பரிசு 39 பவுண்டுக்குள் இருந்தால் அங்கே வாட் கிடையாது. என் பொருள் அதற்குள்தான் அடங்கும். இன்வாய்ஸில் பரிசு என்றும், வாங்கிய விலையையே மதிப்பாகவும் எழுதியிருந்தால் போதும்.

கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். “மதிப்பு குறைச்சுப் போட்டா கஸ்டம்ஸ்ல பிடிப்பாங்க. கையெழுத்து உங்களோடதுதானே?” என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, “பெட்டிக்கு நான் காசு வாங்கலையே அண்ணே” என்று வேறு சொன்னார்.