போட்டி முடிந்த பின் குவாக்கிள்: ஸ்கிராபிள் ஆட்டங்களை அலசும்போது எதை நம்பலாம், எங்கே நிறுத்தலாம்

போட்டிக்குப் போய்வரும் ஸ்கிராபிள் ஆட்டக்காரர்களில் பலர், ஆடி முடித்த ஆட்டங்களை அலசிக் காட்டும் குவாக்கிள் மென்பொருளை இறக்கி வைத்திருப்பார்கள். முறையாகப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. ஆட்டத்தை ஏற்றுவது, பட்டியலின் முதல் வரியைப் பார்ப்பது, "அட, இது எனக்குத் தெரிந்த சொல்தானே" என்று அடுத்த நகர்வுக்குத் தாவுவது என்று முடித்துவிடுகிறார்கள். இப்படி நூறு ஆட்டம் பார்த்தாலும் ரேட்டிங் ஏறாது. பல சீசன் தொடர்ந்து பயன்படுத்தியதில் தெளிவான ஒன்று: இந்த மென்பொருளின் பயன் முக்கால்வாசி போட்டி மேஜையிலேயே, ஸ்கோர்ஷீட்டில் தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் அறிமுகம். குவாக்கிள் இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2006-ல் டொரண்டோவில் நடந்த மனிதன்-கணினி மோதலில், 1995-ன் உலகச் சாம்பியன் டேவிட் பாய்ஸை 3-2 என்று வென்ற நிரல் இதுதான். முகப்பு அந்தக் காலத்தோடு நின்றுவிட்டது. அழகு பார்க்கிறவர்களுக்குப் பிடிக்காது. கைபேசியிலேயே வேலையை முடிக்க வேண்டுமென்றால் 2020-ல் தொடங்கிய வூகிள்ஸ் தளத்தில் ஆட்டத்தைப் பதிந்து, அங்கேயே அலசிக்கொள்ளலாம். மேலோட்டமான பார்வைக்கு அது போதும். ஒரே நிலையை உட்கார்ந்து குடைய வேண்டுமென்றால் குவாக்கிள்தான்.

இறக்கியதும் சொற்பட்டியலைச் சரிபாருங்கள். இந்தியா, இலங்கை, வளைகுடா, சிங்கப்பூர்ப் போட்டிகளில் காலின்ஸ் என்ற பட்டியல். அமெரிக்கா, கனடாவில் பெரும்பாலும் என்டபிள்யூஎல் என்ற பட்டியல். பட்டியல் மாறினால் அலசலே வேறு ஆட்டத்துக்கானது ஆகிவிடும். காலின்ஸ் பழைய பதிப்பா என்று பார்க்கச் சின்னச் சோதனை உண்டு: ஓகே (OK), இடபிள்யூ (EW), இசட்இ (ZE) ஆகிய மூன்று இரண்டெழுத்துச் சொற்கள் 2019 பதிப்பில்தான் சேர்ந்தன. அவற்றை ஏற்காவிட்டால் உங்களிடம் இருப்பது அதற்கும் முந்தியது.

மேஜையில் எழுத வேண்டியது

புள்ளிகளை மட்டும் எழுதிய ஸ்கோர்ஷீட்டை வைத்து ஒன்றும் அலச முடியாது. ஒவ்வொரு முறையும் ரேக்கில், அதாவது உங்கள் எழுத்துகளை அடுக்கும் தாங்கியில், இருந்த ஏழு எழுத்தும் வேண்டும். நகர்வை வைப்பதற்கு முன்பே, அகரவரிசையில் எழுதிவிடுங்கள். வைத்த பிறகு எழுதினால் பையிலிருந்து புதிதாக எடுத்த டைல்கள் (எழுத்துக் கட்டைகள்) கலந்துவிடும். வீட்டுக்கு வந்து எது எப்போது வந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது இடக்குறியீடு, அதாவது சொல் தொடங்கும் கட்டத்தின் பெயர் (8H, H8 போல). வரிசை எண் முன்னால் வந்தால் குறுக்காக வைத்தது, எழுத்து முன்னால் வந்தால் நெடுக்காக வைத்தது. எதிராளியின் நகர்வுக்கும் இதை எழுத வேண்டும். பிளாங்க் (எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்று டைல்) எந்த எழுத்தாக நின்றது என்பதை வட்டமிட்டுக் குறியுங்கள். எதிராளி டைல் மாற்றினால் எத்தனை மாற்றினார் என்ற எண்ணிக்கை முக்கியம். கூடவே இரண்டு சின்னக் குறிகள்: தயங்கிய நகர்வுக்கு ஒரு நட்சத்திரம், மூன்று நான்கு நகர்வுக்கு ஒருமுறை கடிகாரத்தில் மிச்சமிருந்த நிமிடம். ஆளுக்கு 25 நிமிட ஆட்டத்தில் நேரம் தாண்டினால் நிமிடத்துக்கு 10 புள்ளி போகும். அதைவிட மோசம், நேர நெருக்கடியில் வைக்கும் கடைசி நான்கு நகர்வுகள். கணினிக்குக் கடிகாரம் தெரியாது. அந்த நகர்வுகளை அது வெறும் தவறு என்றுதான் காட்டும். பத்தாவது நகர்வில் ஆறு நிமிடம் உட்கார்ந்திருந்ததுதான் காரணம் என்பதை உங்கள் தாள்தான் சொல்லும்.

இவ்வளவையும் எழுதினால் ஆட்டம் கெடாதா என்ற கேள்வி வரும். ஒரு நகர்வுக்கு ஐந்தாறு விநாடி பிடிக்கும். முதல் இரண்டு போட்டிகளில் தொல்லையாகத்தான் இருக்கும், பிறகு கை பழகிவிடும். ஆட்டம் முடிந்ததும் எதிராளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டால் இடக்குறியீட்டுப் பிழைகளை எளிதாகப் பிடிக்கலாம்.

ஏற்றும்போது

முழு ஆட்டத்தைத் தட்டச்சு செய்ய இருபது நிமிடமாவது ஆகும். ஜிசிஜி கோப்பாகச் சேமியுங்கள்; எல்லா நிரலும் படிக்கும். மொத்தப் புள்ளி தாளோடு ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: பிளாங்க்கைச் சாதாரண எழுத்தாக அடித்தது, சொல் செல்லாது என்று எதிராளி தவறாகச் செய்த சேலஞ்சுக்குக் கிடைத்த 5 புள்ளியை விட்டது, கடைசியில் எதிராளி கையில் மிஞ்சிய டைல்களின் இருமடங்கைச் சேர்க்காதது. சில சமயம் உண்மையிலேயே மேஜையில் கூட்டல் தப்பியிருக்கும். முடிவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது.

பட்டியலைத் திறப்பதற்கு முன், நட்சத்திரம் போட்ட நிலைகளில் இரண்டு மூன்று நிமிடம் நீங்களே யோசித்து, இப்போது எதை வைப்பீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். இதைத் தவிர்க்கிறவர்களுக்கு அலசல் வெறும் வேடிக்கை. கணினியின் விடையைப் பார்த்த பிறகு "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று மனம் சுலபமாகச் சொல்லிவிடும்.

எண்களைப் படிக்கும் விதம்

குவாக்கிளின் முதல் பட்டியல், நகர்வின் புள்ளியோடு கையில் மிஞ்சும் எழுத்துகளின் மதிப்பைக் கூட்டித் தரவரிசை போடுகிறது. பிளாங்க் ஒன்று கையில் இருந்தால் ஏறத்தாழ 25 புள்ளி, எஸ் என்றால் ஏறத்தாழ 8 என்பது நினைவில் வைக்க வேண்டிய அளவு. பலகை திறந்திருக்கிறதா, அடைந்திருக்கிறதா என்பதை இந்தப் பட்டியல் அநேகமாகப் பார்ப்பதில்லை. விதிவிலக்கு முதல் நகர்வு.

ஓர் உதாரணம். முதல் நகர்வுக்கு ஏ, இ, ஐ, என், எஸ், டி, வி (A, E, I, N, S, T, V) வந்திருக்கின்றன. நேட்டிவ்ஸ் (natives), வெய்னஸ்ட் (vainest), நைவெஸ்ட் (naivest) என்று ஏழெழுத்துச் சொல் மூன்று உண்டு. எதை வைத்தாலும் பிங்கோதானே (ஏழு டைலையும் ஒரே முறையில் வைத்து 50 புள்ளி கூடுதலாகப் பெறுவது) என்று வைத்துவிட்டால் 72 அல்லது அதற்கும் கீழே. 4 புள்ளி மதிப்புள்ள வி-யை இரட்டை எழுத்துக் கட்டத்தில் (எழுத்தின் மதிப்பு இரட்டிப்பாகும் கட்டம்) உட்கார வைத்தால் 78. அதற்கு இரண்டு வழி: வெய்னஸ்ட்டை நான்காவது கட்டத்தில் தொடங்கலாம், அல்லது நேட்டிவ்ஸை நட்டநடுக் கட்டத்தில் தொடங்கலாம். நைவெஸ்ட்டை எங்கே வைத்தாலும் வி அந்தக் கட்டத்துக்கு வராது.

இரண்டும் 78, இரண்டிலும் கையில் மிச்சம் ஏதும் இல்லை. அப்படியிருந்தும் பட்டியலில் வெய்னஸ்ட் சற்று மேலே நிற்கும். அதற்குக் காரணம் உயிரெழுத்துகள் விழும் இடம். ஏழாம், ஒன்பதாம் வரிசைகளில் 3, 7, 9, 13-ஆம் கட்டங்கள் இரட்டை எழுத்துக் கட்டங்கள். நேட்டிவ்ஸ் வைத்தால் 9-ல் ஏ, 13-ல் இ வந்து நிற்கும். எதிராளி கனமான மெய்யெழுத்து ஒன்றை மேலேயோ கீழேயோ ஒட்டி, இரண்டு திசையிலும் இரட்டிப்பு எடுப்பார். வெய்னஸ்ட்டில் அதே வகைக் கட்டங்களை ஒட்டி நிற்பவை என், எஸ் என்ற மெய்யெழுத்துகள். நிரல் இந்த ஒன்றைத்தான் கணக்கில் எடுக்கிறது. வி எழுத்துள்ள இரண்டெழுத்துச் சொல் காலின்ஸில் கிடையாது. ஆகவே ஓரத்தில் நிற்கும் வி அடைப்பதைவிட நடுவில் நிற்கும் வி இணைநகர்வுகளை (இருக்கும் சொல்லை ஒட்டி இணையாக வைப்பவற்றை) அதிகம் அடைக்கும். அந்த வகையில் நேட்டிவ்ஸுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் பட்டியலுக்கு அது தெரியாது, சிமுலேஷனில்தான் வெளிப்படும். (நேட்டிவ்ஸுக்கு முன்னால் ஐந்து எழுத்து சேர்த்து ஆல்டர்நேட்டிவ்ஸ் ஆக்கிவிடுவாரே என்று பயப்பட வேண்டாம். பார்க்க அழகு, கிடைப்பது 16 புள்ளி.)

சிமுலேஷன் என்றால், பார்வையில் இல்லாத டைல்களிலிருந்து எதிராளிக்குத் தற்செயலாக ஒரு ரேக் கொடுத்து, அவர் பதில், நம் பதில் என்று ஓட்டிச் சராசரி பார்ப்பது. முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் வைத்ததும் யோசித்ததும் அதில் இல்லையென்றால் கையால் சேருங்கள். பொதுவான நிலைக்கு இரண்டு நகர்வு ஆழம் போதும். ஆயிரம் சுற்றுக்கு முன் நிறுத்தாதீர்கள். ஐம்பது சுற்றில் முன்னால் நிற்பது ஐந்நூறில் கீழே போவது சகஜம். ஒரு புள்ளிக்குள் இருக்கும் இரண்டு நகர்வுகளைச் சமம் என்றே கொள்ளுங்கள். ஐந்துக்கு மேல் இழந்த இடங்களில்தான் நேரம் செலவிட வேண்டும். 0.4 புள்ளிக்குச் சண்டை போடுகிற பழக்கம் அலசலில் ஈடுபட்டவர்களுக்கு வரும் ஒரு வியாதி.

இங்கே இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று, எதிராளி ரேக்கில் இருந்த எழுத்துகளைக் குறிக்கும் பெட்டி. ஆட்டம் முடிந்த பிறகு "அவரிடம் அப்போது எஸ் இருந்தது" என்று தெரிந்துகொண்டதை அதில் போடக் கூடாது. மேஜையில் உங்களுக்கு அது தெரியாது. ஆனால் எதிராளி பொய்ச்சொல் வைத்து, சேலஞ்சில் திரும்ப எடுத்திருந்தால் அந்த டைல்களைப் போட்டே ஆக வேண்டும், அவற்றை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். இரண்டாவது, அடுத்த முறைக்காக இடம் திறந்து வைக்கும் நகர்வுகள். சிமுலேஷனில் வரும் எதிராளி எல்லாச் சொல்லும் அறிந்தவர், ஆனால் உங்கள் திட்டத்தைச் சந்தேகிக்க மாட்டார். புள்ளி நல்லதாக வந்தால்தான் அந்த இடத்தைத் தொடுவார். உண்மையான எதிராளி மூக்கில் வியர்த்தாற்போல் அதைக் கண்டு அடைத்துவிடுவார். அத்தகைய நகர்வுகளுக்குக் கிடைக்கும் மதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

பையில் டைல் குறையக் குறைய, புள்ளி மதிப்பைவிட வெற்றி வாய்ப்புச் சதவீதத்தைப் பாருங்கள். 60 புள்ளி முன்னிலையில் இருக்கும்போது சராசரியில் 6 புள்ளி கூடக் கிடைக்கும் நகர்வு பிங்கோவுக்கு வழி திறந்தால், அது உங்களுக்கு வேண்டாத 6 புள்ளி.

பை காலியாகும் தறுவாயில்

பையில் ஏழுக்குக் கீழே டைல் இருக்கும்போது மாற்றவும் முடியாது. இங்கிருந்து குவாக்கிளின் சொல்லைக் கடைசித் தீர்ப்பாக எடுக்கக் கூடாது. எல்லா வாய்ப்பையும் முழுதாகத் தேடுவதில் அது தடுமாறும். இந்தப் பகுதிக்கு மகோண்டோ என்ற இலவச நிரல் இருக்கிறது. கட்டளை தட்டித்தான் ஓட்ட வேண்டும், பழகச் சிரமம். ஆனால் எண்ட்கேமைக் கடைசி நகர்வு வரை தீர்த்துத் தரும்.

தீர்வை வாங்குவதற்கு முன் கையால் ஒருமுறை கணக்குப் போடுங்கள். பை காலி, எதிராளியிடம் கியூவும் வியும் மட்டும், கியூவுக்கு இடமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே 12 புள்ளிக்கு முடித்தால் மிச்ச டைலுக்கு 28 சேர்ந்து 40. இல்லையென்றால் 22-க்கு ஒரு நகர்வு வைத்து, ஒரு டைலை நிறுத்தி, அடுத்த முறை 4-க்கு முடிக்கலாம். இடையில் எதிராளி வியை 9 புள்ளிக்கு வைத்துவிட்டால் உங்களுக்கு 22, 4, கியூவுக்கு 20. அவருடைய 9 போக 37. வியை வைக்க இடமே இல்லையென்றால் 22, 4, 28 சேர்ந்து 54. வைத்த இடத்தின் புள்ளியை மட்டும் பார்க்கிறவர் இரண்டு நிலையிலும் 22-ஐயே வைப்பார். வி-க்கு இடம் இருக்கிறதா என்று தேடுவதற்கு ஒரு நிமிடம் மீதி வைத்திருந்தாரா என்பதுதான் கேள்வி. அது டைல் எண்ணிக்கையை, அதாவது எந்தெந்த டைல் வந்துவிட்டது என்பதை, தாளில் சரியாக அடித்துக்கொண்டு வந்தவருக்கு மட்டும் கேட்கத் தோன்றும் கேள்வி.

தவறுகளைப் பிரிக்கும்போது

ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் ஒரே எழுத்தில் வகை குறியுங்கள்: சொல்லே தெரியாது; தெரியும், ஆனால் கண்ணில் படவில்லை; பட்டது, ஆனால் எடை போட்டது தப்பு; நேரம்; டைல் எண்ணிக்கை. ஒரு போட்டியின் எல்லா ஆட்டத்தையும் இப்படிக் குறித்துக் கூட்டிப் பாருங்கள். ஜெயித்த ஆட்டங்களை விடவே கூடாது. பிளாங்க் இரண்டும் வந்து ஜெயித்த ஆட்டத்தில்தான் பெரிய ஓட்டைகள் ஒளிந்திருக்கும்.

நடுத்தர ஆட்டக்காரர்கள் எல்லாவற்றையும் சொல்லறிவுக் குறை என்று நினைத்து எட்டெழுத்துப் பட்டியலை மனப்பாடம் செய்யக் கிளம்புகிறார்கள். தாளைப் பிரித்துப் பார்த்தால் இரண்டாவது வகைதான் முன்னால் நிற்கும். தெரிந்தும் கண்ணில் படாத சொற்களுக்கு ஜைசீவா என்ற சொற்பயிற்சி மென்பொருளின் கார்டுபாக்ஸ் நல்ல மருந்து: சொல்லாகப் போடாமல் எழுத்துகளை அகரவரிசையில் கொடுத்துக் கேட்கும், தவறினால் சீக்கிரமே திரும்ப வரும். தெரியாத சொற்களில் ஐந்தெழுத்துக்குள் இருப்பவற்றை முதலில் சேருங்கள். தவறவிட்ட ஒன்பதெழுத்துச் சொல் ஒன்றைச் சேர்த்து என்ன ஆகப்போகிறது?

எடை போடுவதில் வரும் தவறுக்குக் கார்டு கிடையாது. அந்த நிலையை ஜிசிஜி கோப்பில் குறிப்போடு சேமித்து, இரண்டு மாதம் கழித்து விடையைப் பார்க்காமல் மறுபடி ஆடிப் பாருங்கள். அதே தவறான நகர்வை மறுபடி தேர்ந்தெடுத்தால், முதல் முறை படித்த விளக்கம் மனதில் ஏறவில்லை என்று பொருள். காலின்ஸ் புதிய பதிப்பு வரும்போது பழைய கோப்புகளின் விடைகள் சில மாறும். சேமிக்கும்போதே பதிப்பின் ஆண்டைக் கோப்புப் பெயரில் சேர்த்துவிடுங்கள்.