கடைவாய்ப் பல்லுக்கு எந்த கேப்?

வேர் சிகிச்சை (ரூட் கெனால்) முடிந்ததும் அடுத்த கேள்வி, பல்லின்மேல் மாட்டும் உறையான கேப். பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ விசாரித்தால் பெரும்பாலும் மூன்று விலை சொல்வார்கள்: முழு உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், ஜிர்கோனியா என்ற மிகக் கடினமான வெண்பீங்கான். நம்மவர்கள் பலர் நடுவிலுள்ளதைத் தேர்ந்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். கடைவாய்ப் பல்லுக்கு நான் கடைசியாகத்தான் அதைச் சொல்வேன்.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. உள்ளே நிக்கல்-குரோமியமோ கோபால்ட்-குரோமியமோ கலந்த உலோகக் கூடு. அதன்மேல் சூளையில் சுட்டு ஏற்றிய பீங்கான். உலோகம் உடையாது, பீங்கான் சில்லு பெயரும். பூச்சுப் பீங்கானின் வளைவுத் தாங்குதிறன், அதாவது வளைக்கும்போது உடையாமல் தாங்கும் அழுத்தம், ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல்தான். பலமான வகை ஜிர்கோனியாவுக்கு அது 1000-ஐ ஒட்டி இருக்கும். கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் முந்திரிக்கொத்தும் கொட்டைப்பாக்கும் கடிக்கிற வாய்க்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. மேலும், இரண்டு அடுக்குக்கும் இடம் வேண்டும் என்பதால் மெல்லும் பரப்பில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை பல்லைச் சீவுகிறார்கள். முழு ஜிர்கோனியாவுக்கு 1 மில்லிமீட்டர் அளவே போதும். சீவிய பல் திரும்ப வளராது. வயதாகி ஈறு இறங்கும்போது விளிம்பில் கருங்கோடு தெரிவதும் இந்த வகையில்தான்.

முழு உலோகத்தை "பார்க்க அசிங்கம்" என்று ஒதுக்குகிறார்கள். கடைசிப் பல்லை யார் பார்க்கப் போகிறார்கள்? விலை குறைவு, மெல்லியதாக வார்க்கலாம், உடைவது அரிது. கையில் பணம் இறுக்கமாக இருந்தால் தயங்காமல் இதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கிறது என்பவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கக்கூடும். அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, நிக்கல் கலக்காத உலோகம் கேட்க வேண்டும். தங்கக் கலவை எல்லாவற்றிலும் அருமையானது. இன்றைய தங்க விலையில் அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பணம் இடம் கொடுத்தால் ஜிர்கோனியா. ஆனால் அந்தப் பெயரை மட்டும் கேட்டுத் தலையாட்டிவிடக் கூடாது. உள்ளே ஜிர்கோனியா, மேலே பீங்கான் பூச்சு என்றும் ஒரு வகை உண்டு. அதிலும் பூச்சு பெயரும். "முழுதும் ஒரே கட்டியில் கடைந்ததா?" என்று கேளுங்கள். ஒளி ஊடுருவும் வகை அழகானது, ஆனால் பலம் ஏறத்தாழப் பாதிதான். கடைவாய்க்கு மங்கலான பலமான வகையே பொருத்தம். இதற்கும் ஒரு குறை இருக்கிறது. பிற்பாடு வேர் சிகிச்சையைத் திரும்பச் செய்ய நேர்ந்தால், அதைத் துளைப்பதும் அறுத்து எடுப்பதும் மற்றவற்றைவிடச் சிரமம்.

முன்பல் கதை வேறு. அங்கே வெளிச்சம் பல்லுக்குள் புகுந்து வர வேண்டும். இல்லையென்றால் சிரிக்கும்போது அந்த ஒரு பல் தனியாகத் தெரியும். லித்தியம் டைசிலிக்கேட் என்ற கண்ணாடிப் பீங்கான் அதற்கு ஏற்றது. 400 மெகாபாஸ்கல் அளவு பலம் முன்பல்லுக்குத் தாராளம். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் மட்டும் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

வாரண்டி அட்டையில் எழுதியிருக்கும் ஆண்டுகளைப் பார்த்து மயங்காதீர்கள். அது கேப்புக்குத்தான், விளிம்பு சரியாகப் பொருந்தாமல் அடியில் பல் சொத்தையானால் அந்த அட்டை பல்லைத் திருப்பித் தராது. பொருத்தும் நாளில் அவசரப்படாமல் உட்காருங்கள். நிறம் ஒட்டும் மெல்லிய தாளைக் கடிக்கச் சொல்லி, உயரம் கூடிய இடத்தை அந்த நிறத்தை வைத்துக் கண்டு மருத்துவர் தேய்த்துச் சரிசெய்வார். ஜிர்கோனியாவைத் தேய்த்தால் அந்த இடம் சொரசொரப்பாகிவிடும். அப்படியே விட்டால் எதிர்ப்பல்லின் எனாமலை அரைத்துத் தின்னும். திரும்பப் பளபளப்பாக்கிய பிறகே நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.